தமிழ் விக்கிப்பீடியாவில் என் ஊர்க் கட்டுரையில் ஒருவர் திரும்பத் திரும்ப வசையைச் சேர்க்கிறார். கட்டுரையைப் பற்றிக் கலந்துபேசும் பேச்சுப் பக்கத்தில் அவருக்குப் பதில் எழுதலாமா?

எழுதாதீர்கள், ஒரு வரிகூட வேண்டாம். அவர் வசையைச் சேர்க்கும்போதெல்லாம் கட்டுரையை முந்தைய நிலைக்கு மீளமையுங்கள்; மாற்றத்துக்கான காரணத்தை எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் ‘விசமத் தொகுப்பு நீக்கம்’ என்று போட்டால் போதும்.

மூன்று வாரமாக நீங்கள் எழுதிய நீண்ட விளக்கங்கள்தான் அவரைத் திரும்பத் திரும்ப அழைக்கின்றன என்று நினைக்கிறேன். அவருக்கு வேண்டியது உங்கள் கோபம். உங்களைப் போன்றவர்கள் சலித்து விலகிப்போவதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

யார் எப்போது என்ன மாற்றினார் என்று காட்டும் கட்டுரையின் ‘வரலாறு’ பக்கத்தைத் திறந்து, நீங்கள் பதில் எழுதிய சற்று நேரத்தில் அவர் வருகிறாரா என்று பாருங்கள். வருகிறார் என்றால், அந்த மாற்றங்களுக்கான இணைப்புகளுடன் நிருவாகி ஒருவரிடம் முறையிடுங்கள். கணக்கைத் தடுக்கவும், புதுப் பெயரில் வந்தால் பக்கத்தைச் சில நாள் பூட்டி வைக்கவும் அவரால் முடியும்.

ஆனால் சான்று கேட்டு வாதாடும் புதியவரை இவரைப் போன்றவராக எண்ணிவிடாதீர்கள். அவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லியே ஆகவேண்டும். கொலை மிரட்டல் வந்தால் காவல்துறைக்கும் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளைக்கும் உடனே தெரிவியுங்கள்.