ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்றால் முடக்குவாதம் இல்லை என்று அர்த்தமா?

அம்மாவுக்குக் காலையில் விரல்கள் மடங்கவில்லை, ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், ஆகவே நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கக் கூடாது. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்பது பக்கவாதம் அல்ல, உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். ஆர்.ஏ. ஃபேக்டர் அதன் தடயத்தை ரத்தத்தில் தேடுவது. முடக்குவாதம் உள்ளவர்களில் பத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு அந்தப் பரிசோதனை நெகட்டிவாகத்தான் வரும். ஒரு மூட்டும் வலிக்காத முதியவர் சிலருக்கும், ஹெபடைட்டிஸ் சி, காசநோய் உள்ளவர் சிலருக்கும் பாசிட்டிவ் என்று வந்து தொலைக்கும். நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதிப் பிழைத்தவன். உனக்கென்ன தெரியும் என்று கேட்க வருபவர்கள் முழுவதையும் படித்துவிட்டு வரட்டும்.

நான் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர்க்காரன். என் அக்கா, எங்கள் வழக்கில் ஆச்சி, கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுப்பவர். மணகோலம், மாவுருண்டை, சீப்புச் சீடை, அதிரசம் எல்லாம் கைவேலை. அந்தக் கையின் கோளாறு முதலில் வாசலில்தான் தெரிந்தது. விடியற்காலையில் கோலமாவு விரலிடுக்கில் நிற்காமல் கொட்டியது, இழை கோணியது. வெயில் ஏறியபின் அதே கை ஒரு பிசகும் இல்லாமல் போடும். பார்த்தவர்கள் சோம்பல் என்றார்கள். வயதால் வரும் மூட்டுத் தேய்மானத்திலும் காலையில் விறைப்பு உண்டு, ஆனால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் போய்விடும், வேலை செய்யச் செய்யத்தான் வலி கூடும். முடக்குவாதத்தில் நேர்மாறு: எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட இறுக்கம் நிற்கும், புழங்கப் புழங்க இளகும். உங்கள் அம்மாவிடம் இதை முதலில் கேளுங்கள்.

உள்ளூரில் பார்த்த மருத்துவர் கையைத் தொடவே இல்லை. வயதாகிறது அல்லவா என்றார். மூட்டுவலித் தொகுப்பு என்று ஒரு கட்டுப் பரிசோதனை எழுதினார். ஆர்.ஏ. நெகட்டிவ், ஏ.எஸ்.ஓ. கொஞ்சம் கூடுதல். கூடியதற்காக மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி! ஏ.எஸ்.ஓ. என்பது தொண்டையில் ஒருவகைக் கிருமி வந்துபோனதற்கான தடயம். முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சலைச் சந்தேகித்தால் பார்ப்பது. ஐம்பது தாண்டியவரின் விரல் மூட்டு வீக்கத்துக்கு அதை வைத்து ஊசி போடுவதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கூடினால் கவுட் என்ற வேறொரு மூட்டுவலியைத் தரும் யூரிக் அமிலம் சரியாக இருந்தும் பருப்பையும் நிறுத்தச் சொன்னார்.

அடுத்து, யாரோ சொல்லி வாங்கிவந்த பெயரில்லாத பொடி. இரண்டே நாளில் வீக்கம் வற்றியது. ஆச்சி மறுபடி மாவு பிசைந்தார், எங்களுக்கெல்லாம் சந்தோஷம். சில மாதங்களில் முகம் உப்பி, சர்க்கரை ஏறியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று பிற்பாடு நிபுணர் சந்தேகப்பட்டார். ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கவில்லை, ஆகவே நான் சத்தியம் செய்ய மாட்டேன். சித்த மருத்துவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். முடக்கத்தான் தோசை எங்கள் வீட்டில் இன்றும் உண்டு. சீட்டு ஒட்டாத பொட்டலத்தைத்தான் சொல்கிறேன். அப்படி நெடுநாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால் கணக்காகக் குறைத்துத்தான் விடுவித்தார்கள்.

திருச்சியில் பார்த்த ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டு வாத நிபுணர், காகிதங்களை ஓரம் வைத்துவிட்டுக் கையைப் பிடித்தார். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளைக் குறுக்காக அமுக்கினார். ஆச்சி துள்ளிவிட்டார். மணிக்கட்டும் விரல்களின் நடு மூட்டும் வீங்கியிருக்க, நுனி மூட்டுகள் தப்பியிருந்தன. அதுவே ஒரு துப்பு என்றார். சிக்குன்குனியா வந்ததா என்றும் விசாரித்தார். அந்தக் காய்ச்சல் விட்டபின்னும் மாதக்கணக்கில் இதே வேடம் போடுமாம். 2006இல் தமிழ்நாடு பட்ட பாடு நினைவிருக்கும். பிறகு முடக்குவாதத்தை இன்னும் குறிப்பாகக் காட்டும் ஆன்டி சிசிபி ரத்தப் பரிசோதனை, உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., இரு கைகளுக்கும் எக்ஸ்ரே. சிசிபி பலமாகப் பாசிட்டிவ். எக்ஸ்ரேயில் ஒரு மணிக்கட்டு எலும்பு அரிக்கத் தொடங்கியிருந்தது. ஊசியிலும் பொடியிலும் போன காலத்தின் விலை அது.

ஈரல், சிறுநீரகம், ஹெபடைட்டிஸ் பி, சி எல்லாம் பார்த்துவிட்டு, முடக்குவாதத்தை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தொடங்கினார்கள். வாரத்துக்கு ஒரே நாள், வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின். மருந்துக்கடைப் பையன் உறையில் தினமும் இரவு என்று எழுதிவிட்டான். சீட்டை ஒத்துப் பார்த்ததால் பிழைத்தோம். இதைத் தினமும் விழுங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. சிங்கப்பூர் உறவினர் ஒருவர் போன் போட்டு, இது புற்றுநோய் மருந்து, வேண்டாம் என்று ஆச்சியை அழவைத்தார். புற்றுநோய்க்குக் கொடுப்பது பெரிய அளவு, இது மிகச் சிறியது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகடா சுப்பாராவின் குழு அமெரிக்காவில் ஃபோலிக் அமில ஆராய்ச்சியில் கண்ட வழியில் பிறந்த மருந்து. முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது 1988இல். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், ரத்தப் பரிசோதனையை விடக் கூடாது.

கேட்காததையும் சொல்கிறேன். எங்களுடையது பங்காளிகளின் பொதுவீடு. கழிப்பறை இரண்டாங்கட்டையும் தாண்டிக் கொல்லையில், குந்தி உட்காரும் வகை. முழங்கால் வீங்கியவர் எப்படி எழுவார்? வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டை, ஒட்டி ஒரு மேலைநாட்டுக் கழிப்பறை கட்டக் கையெழுத்துக் கேட்டால், பாரம்பரியம் கெடும் என்று ஒரு பங்காளி மறுக்கிறார். அதே மனிதர், சினிமாப் படப்பிடிப்புக்கு வீட்டை விட்டபோது முகப்பில் ஆணி அடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாடகையில் பங்கு வாங்க மட்டும் சென்னையிலிருந்து முதல் ரயிலில் வந்தார். அயித்தான், ஆச்சியின் கணவர், கடைசியில் ஒரு நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

சரி, உங்கள் விஷயம். ஆன்டி சிசிபி பார்த்தார்களா என்று கேளுங்கள். அதுவும் நெகட்டிவ் என்றாலும், வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டினால் மூட்டு வாத நிபுணரிடமே போங்கள். காரைக்குடிப் பக்கம் என்றால் திருச்சிக்கும் மதுரைக்கும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். பஸ்ஸில் போய்ச் சேர்ந்து, வரிசையில் உட்கார்ந்து, உள்ளே கூப்பிடும்போது மதியமாகிவிடும். கையும் இளகிவிட்டிருக்கும். எனவே விடிந்ததும் அம்மாவை முஷ்டி மடக்கச் சொல்லி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.