ராஜினாமா கடிதத்துக்கு முன் ஒரு பெட்டி ராடு

கேள்வி: எனக்கு வயது 38. பதினான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை. திரையைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கையால் செய்கிற தொழிலுக்குப் போக ஆசை. வெல்டிங் மனதில் இருக்கிறது. இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியுமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பயிற்சியில் சேரலாமா, அல்லது சொந்தமாக ஒரு மெஷின் வாங்கி வீட்டிலேயே பழகலாமா?

பதில்: கற்றுக்கொள்ள முடியும். வேலையை இப்போது விட வேண்டாம். மெஷினைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பட்டறையில் வெல்டராக இருந்து, பிறகு சொல்லிக்கொடுக்க வந்தவன். உங்களைப் போல அலுவலகத்திலிருந்து வருகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். அவர்களில் பாதியில் திரும்பிப் போனவர்கள் பெரும்பாலும் வயதால் போகவில்லை. மனதில் வைத்திருந்த வேலை ஒன்று, கைக்கு வந்த வேலை வேறொன்று. அதனால்தான் போனார்கள். ஆகவே அந்த வேலை எப்படி இருக்கும் என்பதை முதலில் காட்டிவிடுகிறேன்.

முதல் நாள் 3.2 மி.மீ. ராடு (உருகி இணைப்பை நிரப்பும் வெல்டிங் கம்பி) ஒன்றை ஹோல்டரில் மாட்டிக் கையில் கொடுப்பார்கள். தீக்குச்சி உரசுவது போல இரும்புத் தட்டில் உரசச் சொல்வார்கள். ஒட்டிக்கொள்ளும். முறுக்கிப் பிடுங்குவீர்கள், மறுபடி ஒட்டும். ஒருவழியாக ஆர்க் (ராடு நுனிக்கும் தட்டுக்கும் நடுவில் எரியும் மின்சுடர்) பிடித்தால் வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. ராடு நுனிக்கும் தட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ராடின் தடிமன் அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். ஆனால் ராடு எரிய எரியக் குட்டையாகிக்கொண்டே போகிறது. அதனால் கை ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க வேண்டும்: இணைப்பின் வழியே ஒரு வேகத்தில் நகர வேண்டும், தட்டை நோக்கி இன்னொரு வேகத்தில் இறங்க வேண்டும். படித்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். கைக்குப் புரிய நூற்றுக்கணக்கான ராடுகள் ஆகும். வெளிச்சத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் உருகி நிற்கும் சின்னக் குளத்தைப் பார்க்கக் கண் என்றைக்குப் பழகுகிறதோ அன்றைக்குத்தான் வெல்டிங் ஆரம்பம். சத்தமும் அன்று மாறிவிடும். விட்டு விட்டு வெடிப்பது நின்று, சீராகப் பொரியும்.

அலுவலகத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்களுக்கு இந்தக் கட்டம்தான் கசக்கும். பக்கத்து மேடையில் இருபது வயதுப் பையன் ராடு ஒட்டினால் சிரித்துவிட்டு அடுத்ததை மாட்டுவான். பெரியவர் நின்று காரணம் யோசிப்பார். இதுவே பின்னால் பலமாகவும் ஆகும். 7018 வகை ராடை ஏன் சூடான அடுப்பில் வைத்து எடுக்கிறோம் என்றால், ஈரம் உள்ளே போனால் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் இணைப்பில் புகுந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடும். இதைப் பெரியவர்களுக்கு ஒருமுறை சொன்னால் போதும். பையன்களுக்குப் பத்து முறை சொல்கிறேன்.

இன்னொன்று. ஒரு நாளில் ஆர்க் எரிகிற நேரம் பாதிகூட இருக்காது. அளப்பது, வெட்டுவது, விளிம்பைச் சாய்வாகத் தேய்ப்பது, துண்டுகளை நேராக நிறுத்தி டேக் (அசையாமல் பிடித்துவைக்கும் சின்ன வெல்டு) போடுவது, இணைப்பின் மேல் படிந்த கசடு தட்டுவது, பிரஷ் போடுவது, திரும்பவும் கிரைண்டர் என்றுதான் மற்ற நேரமெல்லாம் போகும். கிரைண்டரைச் சகிக்க முடியாதவர் வெல்டராக இருக்க முடியாது என்பது என் கருத்து. வீடியோக்களில் இந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள்.

சரி, உடம்பு. நாற்பதை நெருங்கும்போது கிட்டப் பொருள் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். ‘கை நடுங்குகிறது, கோடு வளைகிறது’ என்று வருத்தப்பட்ட சிலரை விசாரித்தால் கையில் ஒரு குறையும் இருக்காது. குளம் தெளிவாகத் தெரியாததுதான் குறை. ஹெல்மெட்டுக்குள் பொருத்துகிற உருப்பெருக்கி லென்ஸ் தனியாகக் கிடைக்கிறது. பயிற்சிக்கு முன் கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கண்ணைச் சுட்டால் உடனே தெரியாது. நான் பழகிய முதல் வாரத்தில் பக்கத்தில் ஒருவர் வெல்டிங் செய்வதைக் கண்ணாடி இல்லாமல் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன். நடுராத்திரியில் கண்ணில் மணலைக் கொட்டியது போல எழுந்து உட்கார்ந்தேன். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும்தான், ஆனால் மறக்காது.

புகை அப்படிச் சரியாகிற விஷயம் இல்லை. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் 2017-இல் சேர்த்தது. துருப்பிடிக்காத எஃகை வெல்டிங் செய்யும்போது ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சுப்பொருள் புகையில் வருகிறது. துத்தநாகப் பூச்சுள்ள இரும்பில் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் வெல்டிங் செய்தால் அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் வரலாம். ஒரு பயிற்சி இடத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் மேலே பார்ப்பேன், புகை எங்கே போகிறது என்று. மேடைக்கு மேடை உறிஞ்சு குழாய் இல்லாமல் வெறும் மின்விசிறி சுற்றினால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கே சேர வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மெஷின் பக்கமே போகக் கூடாது.

சான்றிதழ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘வெல்டர் சான்றிதழ்’ என்று எல்லாவற்றுக்கும் செல்லுகிற ஒரு காகிதம் கிடையாது. எந்த முறை, எந்த உலோகம், எவ்வளவு தடிமன், எந்த நிலை என்று பிரித்துத்தான் தகுதி தருவார்கள். தட்டைக் கீழே வைத்துச் செய்வது 1ஜி. தலைக்கு மேல் வைத்துச் செய்வது 4ஜி. குழாயை 45 டிகிரி சாய்த்து, திருப்ப முடியாதபடி நிறுத்தி, நாம்தான் சுற்றிச் சுற்றிச் செய்ய வேண்டும் என்றால் 6ஜி. நல்ல கூலி அந்தப் பக்கம்தான் அதிகம் இருக்கிறது. கீழே வைத்துச் செய்வதில் தேறியவரைத் தலைக்கு மேல் செய்ய யாரும் விடமாட்டார்கள். அதோடு, தொழிற்சாலைகள் பின்பற்றும் முக்கியமான தரவிதிகளில், 6 மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதி. படித்துப் பாஸாகி, மேசை டிராயரில் காகிதத்தை வைத்துக்கொண்டு ‘தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்பது இந்தத் தொழிலில் நடக்காது.

ஆகவே உங்கள் கணக்கில் பயிற்சிக் கட்டணத்தை மட்டும் எழுதாதீர்கள். பயிற்சி முடிந்து, ஒருவர் உங்களை நம்பி முக்கியமான இணைப்பைக் கொடுக்கும்வரை உதவியாளர் கூலிதான். அது ஓராண்டும் ஆகலாம், மூன்றாண்டும் ஆகலாம். அந்த நாட்களில் இப்போதைய சம்பளத்தில் பாதிதான் வருகிறது என்று வைத்து, வீட்டுச் செலவை ஓட்டிப் பாருங்கள். நீங்கள் கணக்குக்காரர், உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்களையும் உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள் என்பது மட்டும் என் பங்கு.

கணக்குக்காரர் என்பது வீண் போகாது. கைத்திறன் இருந்தும் மூடப்பட்ட பட்டறைகளை எனக்குத் தெரியும். கிரைண்டர் நேரத்தையும் தேய்கிற டிஸ்க்கையும் சேர்க்காமல் விலை சொல்லிச் சொல்லியே கவிழ்ந்தார்கள். ஒரு வேலைக்கு எத்தனை கிலோ ராடு, எத்தனை மணி நேரம் என்று உட்கார்ந்து கணக்கிடக்கூடிய வெல்டர் அபூர்வம். இன்னும் சில ஆண்டுகள் கழித்து, இணைப்புகளைச் சோதிக்கிற ஆய்வாளர் பக்கம் போகவும் வழி உண்டு. அங்கே பாதி வேலை ஆவணங்கள்தான். வெல்டிங் தெரிந்து, காகிதத்தைப் பார்த்துப் பயப்படாதவருக்கு அங்கே மதிப்பு. கண் பார்வைச் சோதனை மட்டும் அவ்வப்போது கேட்பார்கள்.

வெல்டிங் செய்ய இயந்திரக் கை (ரோபோ) வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். ஒரே துண்டை ஆயிரம் முறை செய்கிற இடத்தை அது ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. குழாய்ப் பாதை, பழுது, இடுக்கு வேலை எல்லாம் இன்னும் மனிதக் கையில்தான். கற்பதானால் அந்தப் பக்கம் போகிற மாதிரிக் கற்றுக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஒரு நாள் விடுப்பு எடுத்து, தெரிந்த பட்டறையில் காலை கதவு திறப்பதிலிருந்து சாயங்காலம் பெருக்கி முடிக்கும்வரை கூடவே இருங்கள். வேடிக்கை பார்க்காமல் தூக்க, பிடிக்க, பெருக்க உதவுங்கள். மறுநாள் முதுகும் முழங்காலும் என்ன சொல்கின்றன என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால் மாலை வகுப்பிலோ வார இறுதி வகுப்பிலோ 3 மாதம் சேருங்கள். சேருமுன் மூன்று விஷயம் விசாரியுங்கள்: ஆளுக்கு ஒரு மெஷின் உண்டா, ராடு எண்ணித்தான் தருவார்களா, வளைவுச் சோதனை செய்வார்களா. இணைப்பிலிருந்து ஒரு பட்டையை வெட்டி எடுத்து ‘ப’ வடிவத்துக்கு வளைத்தால், உள்ளே கசடு மாட்டியிருந்தாலும் சரியாக உருகிச் சேராமல் இருந்தாலும் அங்கே வாய் பிளந்து காட்டிவிடும். மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தப்பாது. மூன்றாம் மாத முடிவில் உங்கள் பட்டை பிளக்காமல் வளைந்தால், அதற்குள் இந்த வேலை உங்களுக்கு அலுக்காமலும் இருந்தால், ராஜினாமா பற்றிப் பேசலாம்.

உங்களுக்குச் சொல்லித் தருகிறவர் உங்களைவிடப் பதினைந்து வயது இளையவராக இருக்கலாம். ‘இப்படியா பிடிப்பது?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். அதற்கும் தயாராகப் போங்கள்.

கடைசியாக மெஷின். இப்போது வேண்டாம். பக்கத்தில் நின்று திருத்த ஆளில்லாமல் பழகினால் தவறான கோணம் கையில் படிந்துவிடும், பிறகு அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம். வீடு அதற்கான இடமும் இல்லை. தீப்பொறி 10 மீட்டர் தள்ளியும் போய் விழும். எரியக்கூடியது ஏதாவது புகைய ஆரம்பித்தால், வேலை முடிந்து எல்லோரும் போன பிறகுகூடப் பற்றலாம். பட்டறையில் அதற்காகவே அரை மணி நேரமாவது ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல ஹெல்மெட் ஒன்றும் உங்கள் கைக்குப் பொருந்துகிற தோல் கையுறை ஒரு ஜோடியும் வாங்குங்கள். 3.2 ராடுக்கு 10 அல்லது 11 எண் கண்ணாடி போதும் (எண் கூடக் கூடக் கண்ணாடி இருட்டாகும்). வகுப்பில் பொதுவாகத் தொங்குகிற ஹெல்மெட்டுகளின் கண்ணாடி கீறல் விழுந்து மங்கியிருக்கும். அதை மாட்டிக்கொண்டால் நான் சொன்ன அந்தக் குளம் தெரியவே தெரியாது.