சேலத்திலிருந்து ஏற்காடு தோட்டத்துக்குப் போய்வர ஃபோர் வீல் டிரைவ் வண்டி: பெட்ரோலா, டீசலா?

கேள்வியில் இருப்பது இவ்வளவு. வீடு சேலம் ஃபேர்லேண்ட்ஸில். நாகலூர் பக்கம் மூன்று ஏக்கர் காபித் தோட்டம் வாங்கியிருக்கிறீர்கள். வாரம் ஒரு தடவை மேலே போவீர்கள், மற்ற நாட்களில் வீட்டுக்கும் கடைக்கும் நாலு கிலோமீட்டர். மாதம் 600 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். மாமனார் "மலைக்கு டீசல்தான் மாப்பிள்ளை, யோசிக்கவே வேண்டாம்" என்கிறார்.

பெட்ரோல் வாங்குங்கள். மாமனார் பேச்சைக் கேட்டு டீசல் வாங்கிய இன்னொரு மாப்பிள்ளை என்கிற முறையில் சொல்கிறேன்.

உங்கள் மாமனார் சொல்வது தப்பில்லை, அது அவர் காலத்துக் கணக்கு. எங்கள் வீட்டில் அப்பா வைத்திருந்தது பழைய பெட்ரோல் ஜீப். கார்த்திகை, மார்கழியில் மஞ்சக்குட்டைப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். வண்டி இருமும், அப்புறம் நின்றுவிடும். அப்பா பானெட்டைத் தூக்கி, கிளிப்பைத் தட்டி மூடியைக் கழற்றி, வேட்டி முனையால் உட்புறத்தைத் துடைப்பார். நான் டார்ச் பிடிப்பேன். டீசலில் ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, டிஸ்ட்ரிபியூட்டரும் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி அதில் டீசலைத் தெளித்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் ஈரத்துக்குப் பயந்தவர்கள் எல்லாம் அந்த ஜீப்புகளில் மெட்டடார் வேனின் டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்து ஓட்டினார்கள். தோட்டத்தில் தண்ணீர் மோட்டாருக்கு எப்படியும் ஒரு டிரம் டீசல் இருக்கும், வண்டிக்கும் அதிலேயே ஊற்றிக்கொள்ளலாம். பெட்ரோலை டிரம்மில் வைத்துக்கொண்டு எவன் தூங்குவான்? இத்தனை காரணங்கள் சேர்ந்துதான் "மலைக்கு டீசல்" என்பது பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

இன்றைய பெட்ரோல் வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில், மேலே ரப்பர் மூடி. ஈரப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்தது இழுவை. 2020-இல் வந்த மஹிந்திரா தாரை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் கியர் போடும் வண்டியில் 2.0 லிட்டர் டர்போ பெட்ரோலுக்கும் 2.2 லிட்டர் டீசலுக்கும் டார்க், அதாவது இழுவிசை, ஒன்றுதான், 300 நியூட்டன் மீட்டர். பெட்ரோலில் அது 1250 ஆர்பிஎம்மிலேயே (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்று) கிடைத்துவிடுகிறது, டீசலுக்கு 1600 வேண்டும். பவரிலும் பெட்ரோலுக்கு 150 குதிரை, டீசலுக்கு 130. "பெட்ரோலுக்கு இழுவை இல்லை" என்று யாராவது சொன்னால், அவர் டர்போ இல்லாத பெட்ரோலை மனதில் வைத்துச் சொல்கிறார்.

டர்போ இல்லாத பெட்ரோலுக்கு இன்றைய உதாரணம் மாருதி ஜிம்னி. 1.5 லிட்டர், 105 குதிரை, 134 நியூட்டன் மீட்டர், அதுவும் 4000 ஆர்பிஎம்மில்தான் முழுசாக வரும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. டர்போ இருந்தால் அது காற்றை அழுத்தித் திணித்து ஈடுகட்டிவிடும். இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குப் பலம் இழக்கும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வளைவுக்கு வளைவு இரண்டாவது கியருக்கு இறக்கி, சத்தம் போட்டுத்தான் ஏறும். ஆனால் வண்டி எடையே 1,200 கிலோ சுமார்தான், சேற்றிலும் செங்குத்திலும் மெதுவாக, பலமாக இழுக்கிற லோ கியரும் கூடவே வருகிறது. என் மச்சான் அதை வைத்துக்கொண்டு, பெரிய வண்டி புதைகிற சேற்றில் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிப் போகிறான். எனக்குப் பொறாமைதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் வாங்கியது பிஎஸ் 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டி, பெயர் வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார், ஜீப்புகளில் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கும். புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது தானே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். எரிக்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூடு வர, வண்டி நல்ல வேகத்தில் கால் மணி, இருபது நிமிஷம் நிற்காமல் ஓட வேண்டும்.

நான் அப்போது தோட்டத்து வீட்டிலேயே தங்கியிருந்தேன். தோட்டத்திலிருந்து ஏற்காடு டவுன், அங்கிருந்து திரும்பத் தோட்டம். உள்ளே வந்தால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே லோ கியரில் ஊர்வது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்படி ஊர்கிற வேலையில்தான் டீசல் மிச்சம் பிடிக்கும். பெட்ரோல் இன்ஜின் அரைத் தூக்கத்திலும் குடித்துக்கொண்டே இருக்கும், டீசல் சும்மா நிற்கும்போது முகர்ந்து பார்க்கிற அளவுதான் செலவழிக்கும். ஆனால் டிபிஎஃப் அடைத்துக்கொள்வதும் அதே ஊர்கிற வேலையில்தான். செலவு மிச்சமாகிற ஓட்டமும் வடிகட்டி அடைகிற ஓட்டமும் ஒன்றே என்பதை வாங்கும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எட்டாவது மாதம் மஞ்சள் விளக்கு வந்தது. சேலத்துக்கு இறங்கினால் ஓட்டத்திலேயே சரியாகிவிடும் என்று நினைத்தேன். இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டு, ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல்தானே வருகிறோம்? அப்போது இன்ஜினுக்குள் டீசலே போகாது. வெறும் காற்றுதான் சைலன்சர் வழியாகப் போகும். சூடாவதற்குப் பதில் ஆறித்தான் போகும். அடிவாரம் சேர்ந்தபோது விளக்கு அப்படியே இருந்தது.

எங்கள் மெக்கானிக் அண்ணன் முதலில் டிப்ஸ்டிக்கை உருவினார். துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நிற்கிறது. ஆயில் குறையும், கூடுமா? மூக்கருகே நீட்டினார், டீசல் வாடை. கரியை எரிக்க வண்டி தானாகக் கூடுதல் டீசலைத் தெளிக்கும். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவரோரம் வழிந்து ஆயிலில் கலந்துவிடும். பாதியில் நாம் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால், அடுத்த தடவை மறுபடியும் தெளிக்கும், இன்னும் கலக்கும். எனக்கு மாதக்கணக்கில் அதுதான் நடந்திருக்கிறது. "வண்டிய வீட்டுக்குள்ளயே பொத்திப் பொத்தி வளத்துட்டீங்க சார், கொஞ்சம் வெளிய ஓட விடுங்க" என்றார்.

ஆயிலை மாற்றிவிட்டு, தருமபுரி நெடுஞ்சாலையில் தொப்பூர் வரை ஒரு கியர் குறைத்துப் போட்டு, 2500 ஆர்பிஎம் குறையாமல் ஓட்டிப் போய் அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். திரும்பும் வழியில் விளக்கு அணைந்தது. அதன்பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தொப்பூருக்கு டீ குடிக்கப் போவது வழக்கமாகிவிட்டது. டீசலில் மிச்சம் பிடித்த காசு அந்த டீயில் போயிற்று என்று வீட்டம்மா கணக்குச் சொல்வாள்.

உங்கள் ஓட்டமும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான். வாரத்தில் ஆறு நாள் நாலு கிலோமீட்டர். வாரம் ஒரு தடவை மலை ஏறும்போது வேண்டுமானால் டிபிஎஃப் கொஞ்சம் சூடாகும். ஆனால் அதை நம்பி ஒரு வண்டி வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

காசுக் கணக்கும் போட்டுவிடலாம். எங்கள் அனுபவத்தில் இந்த மாதிரி கனமான வண்டி பெட்ரோலில் மலையும் ஊருமாக லிட்டருக்கு 10 கிலோமீட்டர், டீசலில் 13 கொடுக்கும். பெட்ரோல் 102 ரூபாய், டீசல் 93 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் வித்தியாசம். மாதம் 600 கிலோமீட்டருக்கு 1,800 ரூபாய். டீசல் வண்டி ஒரு லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் அந்த லட்சம் திரும்பி வர நாலரை வருஷத்துக்கு மேல் ஆகும். தொப்பூர் டீயைச் சேர்க்காமல். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஒன்றரை வருஷத்திலேயே வந்துவிடும். அவர் டீசல் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். சேலம் லீ பஜார் சந்தைக்கு மூட்டை இறக்குவதும், பெங்களூருக்கு வாராவாரம் போவதும் வருவதுமாக இருந்தால் நானே டீசல்தான் சொல்வேன். சுமையோடு ஏறும்போது டர்போ பெட்ரோலின் மைலேஜ் ஆறு, ஏழு என்று சரிந்துவிடும். உங்களுக்கு அறுவடை மாதங்களில் மட்டும்தான் மூட்டை. அதற்கு வாடகைக்கு ஒரு பிக்கப் பிடித்தால் போதும், உங்கள் சீட்டும் அழுக்காகாது.

இன்னொன்று. பெட்ரோல் என்று முடிவு செய்தால் கடையில் தேர்வு சுருங்கிவிடும். ஸ்கார்பியோ என், தார் ராக்ஸ், கூர்க்கா மூன்றிலும் ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமென்றால் டீசல்தான். இந்த விலையில், லோ கியரோடு பெட்ரோலில் மிஞ்சுவது மூன்று கதவுத் தாரும் ஜிம்னியும். குடும்பத்தோடு போவீர்கள் என்றால் ஜிம்னிக்கு ஐந்து கதவு. தனியாகத்தான் என்றால் தார்.

பெட்ரோலை அதிகநாள் டேங்கில் தேங்க விடாதீர்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுக்கும். மைலேஜும் பழைய பெட்ரோலைவிடக் கொஞ்சம் குறையும், நான் சொன்ன 10 அதைச் சேர்த்துத்தான்.

மாமனாரைச் சமாதானப்படுத்த வேண்டுமா? டெஸ்ட் டிரைவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு, அடிவாரம் வழியாக இல்லாமல் குப்பனூர் வழியாக ஏறுங்கள். செங்குத்து அதிகம். ஏற்றத்தின் நடுவில் ஒரு தடவை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இறங்கி ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். என் மாமனார் மச்சானின் வண்டியை அப்படி எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, கோட்டச்சேடு வரை அவரே ஓட்டிக்கொண்டு போனார்.