யாரை எண்ணி ஆசனம் பிரிப்பது? வாசகர் கேள்வி-பதில்

மலையகத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு வாக்கு இல்லாத காலத்தில், தொகுதிக் கணக்கில் அவர்களைச் சேர்த்தார்களா? (அட்டன்)

சேர்த்தார்கள். கொடுமையே அதுதான். சுதந்திரம் கிடைத்தபோது இலங்கையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பில் ஒரு மாகாணத்தின் 75,000 பேருக்கு ஓர் ஆசனம். ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் இன்னொன்று. அங்கே 'பேர்' என்றால் ஆட்கள். பிரஜையா, வாக்காளரா என்ற பேச்சில்லை. 1947 தேர்தலில் தோட்டத்து மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் ஏறத்தாழ 7 இலட்சம் பேரின் பிரஜாவுரிமையையும், அவர்களில் வாக்கிருந்தவர்களின் வாக்கையும் பறித்தன. 1952இல் அந்தக் கட்சிக்கு ஒருவரும் இல்லை. தொகுதிகளோ அப்படியே இருந்தன. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்த சனத்தின் தலையை எண்ணிப் பிரித்த ஆசனத்துக்கு, பக்கத்துக் கிராமங்களில் வாக்கிருந்த கொஞ்சப் பேர் ஆளைத் தெரிவு செய்தார்கள்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு பாட்டி, தகரப் பெட்டியிலிருந்து தன் கணவரின் பிரஜாவுரிமை மனுவை நிராகரித்த கடிதத்தை எடுத்துக் காட்டினார். நாலாய் மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அந்த மனிதரும் 75,000இல் ஒருவராக எண்ணப்பட்டவர்தான்.

அப்படியானால் பிரஜைகளை மட்டும் எண்ணியிருக்கலாமே? (கண்டி)

கூடாது. பிழை எண்ணியதில் இல்லை, வாக்கைப் பறித்ததில். பத்து வயதுப் பிள்ளைக்கு வாக்கில்லை. ஆனால் பள்ளிக்கூடம் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும். அதைக் கேட்டுப் பெறவேண்டியவர் அந்தத் தொகுதி உறுப்பினர்.

அமெரிக்காவிலும் இதே அநியாயம் நடந்தது. 1787இல் எழுதிய அரசியலமைப்பு, அடிமைகள் 5 பேரை 3 பேராகக் கணக்கிட்டு எசமானர்களின் மாநிலங்களுக்கு ஆசனம் கூட்டிக்கொடுத்தது. 1868இல் வந்த 14ஆம் திருத்தம், ஆட்களை முழுமையாக எண்ணச் சொன்னது. ஆவணமில்லாத குடியேறிகளை ஆசனக் கணக்கிலிருந்து நீக்க 2020இல் டிரம்ப் உத்தரவிட்டார். அதைத் தீர்மானிக்க இன்னும் காலம் வரவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்காமல் விட்டது; 2021 ஜனவரியில் பைடன் அந்த உத்தரவை நீக்கினார்.

யாழ்ப்பாணத்துக்கு இப்போது 6 ஆசனம்தான். குடிசன மதிப்பில் ஆட்கள் கூடினால் திரும்பக் கிடைக்குமா? (சாவகச்சேரி)

கிடைக்காது. நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். 225 ஆசனங்களில் 196 மாவட்டங்களுக்கு. அதில் 9 மாகாணங்களுக்கும் தலா 4 ஆக 36 போக, மீதி 160ஐயும் பிரிப்பது வாக்காளர் இடாப்பை வைத்து. யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு, கிளிநொச்சியும் சேர்த்து, 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. எங்கள் பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். இது மாறவேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அதுவரை, வீட்டில் 18 நிறைந்தவரின் பெயர் இடாப்பில் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

மகன் வேலை அனுமதியோடு ரொறன்ரோவில் இருக்கிறான். அவனை இங்கே எண்ணவேண்டாமா? (வவுனியா)

வேண்டாம், அம்மா. வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் எண்ணவேண்டும். கனடா பிரஜாவுரிமை பாராமல் ஆட்களை எண்ணித்தான் ஆசனம் பிரிக்கிறது. உங்கள் மகனும் அங்கே ஒரு தலைதான்.