ஒரு டிஸ்க் தெரிகிறதே, கார்டு எப்படிக் கெட்டிருக்கும்?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஸ்கேன் மையம் நடத்துகிறோம். நோயாளிகளின் பழைய படங்களைச் சேமிக்க, பயன்படுத்திய ஸ்கஸி (டிஸ்க்குகளைச் சர்வரோடு இணைக்கும் ஒரு முறை) சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்கினோம். அதில் 0, 2, 3 என்ற எண்களில் மூன்று லன்கள், அதாவது சர்வருக்குத் தனித்தனி டிஸ்க்காகத் தெரிய வேண்டிய பகுதிகள், உள்ளன. லினக்ஸ் சர்வரில் முதலாவது மட்டுமே தெரிகிறது. பெட்டியைச் சர்வரோடு இணைக்கும் கார்டு போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார் சர்வீஸ்காரர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். கார்டும் கேபிளும் கெட்டிருந்தால் அந்த ஒரு டிஸ்க்கும் தெரிந்திருக்காது. உங்கள் எண் வரிசையில் 1 இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்க வேண்டும்.

சர்வர் கிளம்பும்போது லினக்ஸ் முதலில் 0-ஆம் லன்னிடம் "நீ யார், எந்தத் தலைமுறை?" என்று கேட்கிறது. ஸ்கஸி-3 அல்லது அதற்குப் பிந்தையது என்று பதில் வந்தால், எல்லா லன் எண்களையும் ஒரே பட்டியலாகக் கேட்டு வாங்கிவிடும். பழைய பெட்டி ஸ்கஸி-2 என்று சொன்னால் 1, 2, 3 என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். பதில் வராத முதல் எண்ணிலேயே தேடலை நிறுத்திவிடும். கீழ ரதவீதியில் இரண்டாவது வீடு பூட்டியிருக்கிறது என்று தபால்காரர் மிச்சக் கடிதங்களோடு திரும்பிவிடுவதைப் போல. உங்கள் 2-ஆம், 3-ஆம் லன்களை யாரும் தட்டவே இல்லை.

பெட்டியின் நிர்வாகத் திரையில் எண்களை 0, 1, 2 என்று மாற்றி, சர்வரை மறுபடி கிளப்புங்கள்.

ஒன்றை மட்டும் அதற்கு முன் பார்த்துவிடுங்கள். அந்த 1 ஏன் காலியாக இருக்கிறது? அந்த லன்னை வேறொரு சர்வருக்கு ஒதுக்கி, உங்களுடையதிலிருந்து மறைத்திருக்கலாம். உங்கள் மையத்தில் அந்தப் பெட்டியோடு இணைந்த வேறு கணினி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அதன் லன் உங்கள் சர்வரிலும் தெரியும்படி எண்களைக் குழப்பிவிடாதீர்கள். சாதாரண ஃபைல் சிஸ்டம் உள்ள ஒரே லன்னில் இரண்டு சர்வர்கள் எழுதினால், ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாது, படங்கள் சிதைந்துவிடும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது.

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அலுவலகத்தில் இரண்டு கார்டுகளை மாற்றிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் எண்ணை மாற்றினேன், டிஸ்க் வந்தது. கழற்றிய இரண்டு கார்டுகளும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. பல பராமரிப்பு ஒப்பந்தங்களில் பாகம் மாற்றினால் பில் போடலாம், கோளாறைக் கண்டுபிடித்தால் போட முடியாது. இப்படி ஒப்பந்தம் எழுதிவிட்டு யாரை நோவது? எதைக் கழற்றினாலும் உங்கள் கையில் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

புதிதாகத் தெரியும் டிஸ்க்கை யாராவது "ஃபார்மட் செய்துவிடலாம்" என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வரை தடுத்து நிறுத்துங்கள். எண் மாறினால் டிஸ்க்கின் பெயரும் மாறலாம். அதனால் எஸ்டிபி, எஸ்டிசி என்று லினக்ஸ் வைக்கும் பெயர்களை நம்பாமல், ஃபைல் சிஸ்டத்துக்கே உரிய அடையாள எண்ணான யூயூஐடி கொண்டே மவுண்ட் செய்யச் (டிஸ்க்கைப் பயன்பாட்டுக்கு இணைக்கச்) சொல்லுங்கள். முதல் டிஸ்க்கில் இப்போது இருக்கும் படங்களை இன்றைக்கே தனியாக நகல் எடுத்துவிடுங்கள்.