சிறப்பிதழோடு என் கட்டுரையும் போகிறது. பட்டம் என்ன ஆகும்?

கேள்வி: வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 2022இல், எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஒரு திறந்த அணுகல் ஆய்விதழின் சிறப்பிதழில், கட்டணம் செலுத்திக் கட்டுரை வெளியிட்டேன். அந்தச் சிறப்பிதழின் பெரும்பாலான கட்டுரைகளைத் திரும்பப் பெறப்போவதாக இப்போது பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. என்னுடையதும் அதில் ஒன்று. சோதனைகள் எல்லாம் நானே செய்தவை. “காசு வாங்கும் இதழ்கள் எல்லாம் இப்படித்தான், பதில் போடாதே” என்கிறார் நெறியாளர். என் பட்டத்துக்கு ஆபத்தா? அடுத்த கட்டுரையை எங்கே அனுப்புவது?

பதில்: முதலில் பதில் போடுங்கள். நீங்கள் மௌனமாக இருந்தாலும் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளிவரத்தான் போகிறது. ‘ஆசிரியர்கள் பதிலளிக்கவில்லை’ என்ற வரி அதில் ஏறிவிட்டால், உங்கள் பெயரைத் தேடும் ஒவ்வொரு தேர்வுக் குழுவும் அதைப் படிக்கும்.

அதற்கு முன், மின்னஞ்சலில் சொல்லப்பட்டிருக்கும் காரணம் என்ன என்று பாருங்கள். ‘தரவுகள் நம்பத்தக்கவையல்ல’ என்பது வேறு, ‘கட்டுரையைத் துறை அறிஞர்கள் பரிசீலிக்கும் மதிப்பீட்டு முறை சீர்குலைந்திருந்தது’ என்பது வேறு. வைலி பதிப்பகம் 2021இல் வாங்கிய ஹிந்தாவி என்ற திறந்த அணுகல் பதிப்பகத்தின் இதழ்களில், 2023ஆம் ஆண்டில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பெரும்பாலானவை சிறப்பிதழ்களில் வந்தவை. சிறப்பிதழுக்கென வெளியிலிருந்து ஒரு பதிப்பாசிரியர் வருவார், மதிப்பீட்டாளர்களை அவரே நியமிப்பார். கட்டுரை தயாரித்து விற்கும் கும்பல்கள் நுழைந்த வாசல் அது. கட்டுரை ஆசிரியர்களுக்கு இதில் பங்கு உண்டா என்று தாங்கள் விசாரிக்கவில்லை எனத் திரும்பப் பெறும் அறிவிப்புகள் பலவற்றிலேயே பதிப்பகத்தார் எழுதியிருந்தார்கள். அப்படி மொத்தமாக அள்ளும்போது நேர்மையான கட்டுரைகளும் சிக்கக்கூடும்.

ஆகவே பதிலில் மன்றாட வேண்டாம், ஆவணங்களை வையுங்கள்: ஆய்வகக் குறிப்பேட்டின் தேதியிட்ட பக்கங்கள், நிறமாலைகளின் மூலக் கோப்புகள், மதிப்பீட்டாளர்கள் அன்று உங்களுக்கு அனுப்பிய குறிப்புகள். உங்கள் கட்டுரையில் குறிப்பாக என்ன குறை கண்டார்கள் என்று கேளுங்கள். முடிவை நீங்கள் ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்பதை அறிவிப்பில் பதிவு செய்யவும் கேட்கலாம். நீங்களும் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மதிப்பீட்டாளர் சொன்னார் என்பதற்காகத் தொடர்பில்லாத மேற்கோள்களைச் சேர்த்தீர்களா? சேர்த்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பணம் பெற்றுக்கொண்டு ‘வெளியிட்டுத் தரும்’ இடைத்தரகர் வழியாக அனுப்பினீர்களா? அப்படியானால் நான் எழுதுவதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

திரும்பப் பெற்றால் வாழ்க்கை முடிந்தது என்ற அச்சம் நம் கல்லூரிகளில் அளவுக்கு மீறி இருக்கிறது. 2018இல் வேதியியல் நோபல் பெற்ற பிரான்செஸ் அர்னால்டு, சயன்ஸ் இதழில் 2019இல் வந்த தம் குழுவின் கட்டுரையை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். முடிவுகளை மீண்டும் பெற முடியவில்லை; முக்கியச் சோதனைகளுக்கான குறிப்பேட்டுப் பதிவுகளும் மூலத் தரவுகளும் இல்லை. அதைப் பொதுவெளியில் சொல்லி மன்னிப்பும் கேட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுவுக்கு இணைத் தலைவரானார். நோபல் பெற்றவருக்குக் கிடைக்கும் மரியாதை நமக்குக் கிடைக்குமா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனாலும் அங்கே அவரைக் காப்பாற்றியதில் பரிசைவிட, பிறர் சுட்டிக்காட்டும் வரை காத்திராமல் தாமே சொன்னதற்குப் பெரிய பங்கு உண்டு.

பட்டத்துக்கு வருவோம். ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் விதிமுறைகளில் நீக்கிவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தாமாக அந்த நிபந்தனையை வைத்திருக்கலாம். உங்கள் பல்கலைக்கழக விதியை எழுத்தில் பாருங்கள். அலுவலக மேசையில் வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம். ஆய்வுக் குழுவுக்கு இப்போதே கடிதம் கொடுங்கள். அந்தச் சோதனைகள் இடம்பெறும் இயல் ஆய்வேட்டில் இருக்கலாம். அதைத் தேர்வாளர்கள் மதிப்பிடட்டும். வெளியீட்டுப் பட்டியலில் அந்தக் கட்டுரைக்கு எதிரே ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று குறிக்க வேண்டும்.

உங்கள் நெறியாளரோடு எனக்கு உடன்பாடில்லை. 2002 புடாபெஸ்ட் அறிக்கை சொன்ன திறந்த அணுகல் என்பது, எவரும் விலையின்றிப் படிக்கலாம், பயன்படுத்தலாம் என்பதே. எழுதுபவரிடம் கட்டணம் வாங்குவது அதற்கான வழிகளில் ஒன்று மட்டுமே. அந்த வழியில் மோசடி மலிந்தது உண்மை. 2013இல் சயன்ஸ் இதழ் வேண்டுமென்றே பிழைகளோடு புனைந்த ஒரு கட்டுரையை 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தது. 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஆனால் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வந்தது புகழ்பெற்ற லான்செட்டில். அதை முழுமையாகத் திரும்பப் பெற 12 ஆண்டுகள் ஆயின. இன்னொரு பக்கம், பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாதெமியின் இதழ்களை அகாதெமியின் தளத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். அவற்றில் எழுதக் கட்டணமும் கிடையாது.

அடுத்த இதழைத் தேர்ந்தெடுக்க எந்தப் பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் யுஜிசி-கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. ‘ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்பதும் போதாது. ஹிந்தாவி இதழ்கள் பல பெரிய தரவுத்தளங்களில் இருந்தவைதான். 2023இல் வெப் ஆஃப் சயன்ஸ் என்ற தரவுத்தளம் நீக்கிய 50க்கும் மேற்பட்ட இதழ்களில் 19 ஹிந்தாவியுடையவை. திறந்த அணுகல் இதழ் என்றால், அத்தகைய இதழ்களைத் தொகுக்கும் டிஓஏஜே பட்டியலில் பாருங்கள். அந்த இதழில் உங்கள் துறையைச் சேர்ந்த நான்கைந்து கட்டுரைகளைப் படியுங்கள். ஆசிரியர் குழுவில் ஒருவருக்கு எழுதி, அவர் உண்மையிலேயே அதில் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் வெளியீடு என்று விளம்பரப்படுத்தினால் விலகிவிடுங்கள்.

கட்டணம் கட்ட வசதி இல்லையென்றால், எழுதுபவரிடம் பணம் கேட்காத சந்தா இதழுக்கு அனுப்புங்கள். மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட கைப்படியை, அந்த இதழ் அனுமதிக்கும் காலத்துக்குப் பின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கலாம். அதுவும் திறந்த அணுகல்தான், செலவு ஏதுமில்லை. மதிப்பீட்டுக்கு முன்பே கட்டுரையைப் பார்வைக்கு வைக்க கெம்ஆர்க்சிவ் என்ற வேதியியல் இணையக் களஞ்சியம் இருக்கிறது.

இப்போது சிக்கலில் இருக்கும் கட்டுரையையும் வேறு இதழுக்கு அனுப்பலாம். ஆனால் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியான பிறகே அனுப்ப வேண்டும். அதற்கு முன் அனுப்பினால் ஒரே ஆய்வை இரண்டு இடத்தில் வெளியிட்ட குற்றம் உண்மையிலேயே உங்கள் மீது விழும். முந்தைய வெளியீட்டின் டிஓஐ என்ற அடையாள எண்ணையும் திரும்பப் பெற்ற காரணத்தையும் முகப்புக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். நெறியாளரும் இணை ஆசிரியர் என்றால், இந்தக் கடிதத்திலும் பதிப்பகத்துக்கு எழுதும் பதிலிலும் அவருடைய கையொப்பம் வேண்டும்.