செம்பருத்தியின் சொந்தக்காரர்கள்: கேள்வி-பதில்

பூக்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் செம்பருத்தி, பருத்தி, பூவரசு, இலவம் என்று ஒரே குடும்பத்தைச் சுற்றியே இருந்தன. சரி, மற்றவை காத்திருக்கட்டும். இந்த முறை முழுக்க அந்தக் குடும்பம், அதாவது மால்வேசிதான்.

ஒரு செடியைப் பார்த்தவுடன் மால்வேசிக் குடும்பம் என்று சொல்ல எளிய வழி ஏதும் உண்டா?

பூ கையில் இருந்தால் உண்டு. ஒற்றை அடுக்குச் செம்பருத்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் நீட்டிக்கொண்டிருப்பதைக் குச்சி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு குழாய். மகரந்தத்தாள்களின் காம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி உருவானது. பிளேடால் நீளவாக்கில் மெல்லக் கீறிப் பாருங்கள், உள்ளே மெலிந்த சூலகத்தண்டு தனியாக ஓடும். அது குழாயின் உச்சியில் வெளியே வந்து ஐந்தாகப் பிரியும். ஒவ்வொரு நுனியிலும் வெல்வெட் பொட்டு வைத்தது போல ஒரு சூல்முடி. இனி பூவின் அடியில் இருக்கும் சூற்பையைக் குறுக்கே வெட்டி அறைகளை எண்ணுங்கள். ஐந்து இருக்கும்.

குழாயின் மேல்பாதியில் தொங்கும் மகரந்தப்பைகளை லென்ஸில் பார்த்தால் அவரை விதை போல வளைந்து, ஒரே அறையோடு இருக்கும். மற்றப் பூக்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு அறை. மகரந்தத்தூளும் பருமனானது, உருண்டை, உடம்பெல்லாம் முள். விரலில் ஒட்டினால் ஒவ்வொரு துகளும் வெறும் கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும்.

மொட்டையும் விட்டுவிடாதீர்கள். அல்லி இதழ் ஒவ்வொன்றும் பக்கத்து இதழின் மேல் ஒரு விளிம்பை ஏற்றி, மடக்கிய குடையைச் சுற்றியது போலத் திருகியிருக்கும். வெளியே இருக்கும் பச்சைப் புல்லிகள் அப்படி ஏறாமல் விளிம்போடு விளிம்பு தொட்டு நிற்கும்.

பூ இல்லையா? கிளை ஒன்றை ஒடித்துப் பாருங்கள். சட்டென்று கையோடு வராது, பட்டை நார் நாராக உரிந்து தொங்கும். இலையைக் கசக்கினால் விரலில் வழவழப்பு. இலைகள் மாற்றடுக்கில் இருக்கும், நரம்புகள் காம்பின் உச்சியிலிருந்து கைவிரல்களாகப் பிரியும், காம்படியில் இலையடிச் செதில் இருக்கும். லென்ஸில் நட்சத்திர வடிவத் தூவிகளும் தெரிந்தால் அனேகமாக நீங்கள் தேடும் குடும்பம்தான். இவற்றில் ஒன்றை மட்டும் நம்பி முடிவு சொல்லாதீர்கள். வழவழப்பு கற்றாழையிலும் இருக்கிறது.

"சூல்முடி எத்தனையோ சூலிலை அத்தனை" என்று படித்தேன். எப்போதும் பொருந்துமா?

பொருந்தாது. மால்வாவிஸ்கஸ் என்று ஒன்று உண்டு, விரியாமல் சுருண்டே தொங்கும் சிவப்புப் பூ, பார்த்தால் தூங்கும் செம்பருத்தி மாதிரி இருக்கும். அதில் சூல்முடி பத்து, சூற்பையை உருவாக்கும் சூலிலை ஐந்துதான். யுரீனா, பவோனியா இரண்டும் இதே கதைதான். வகுப்பில் இந்தப் பூவைக் கொடுத்தால் பாதிப் பேர் கத்தி வைக்காமலேயே "பத்து" என்று எழுதிவிடுவார்கள். வெட்டிப் பார்க்காமல் எழுதக்கூடாது என்பதற்காகவே நான் அதைக் கொடுப்பேன்.

புறப்புல்லி வட்டம் மால்வேசியின் முக்கியப் பண்பு என்கிறார்கள். துத்தியில் அதைக் காணவில்லையே?

நன்றாகவே பார்த்திருக்கிறீர்கள். துத்தியில் அது இல்லை, குறுந்தொட்டி என்கிற சைடாவிலும் இல்லை. செம்பருத்தியில் புல்லி வட்டத்துக்கு வெளியே ஐந்திலிருந்து எட்டு வரை குறுகலான பச்சை இதழ்கள் நிற்கும். பருத்தியில் மூன்றே மூன்று, ஆனால் மொட்டையே மூடும் அளவு பெரியவை, விளிம்பில் கிழித்துவிட்டது போலப் பற்கள். இவ்வளவு பளிச்சென்று தெரிவதால் பாடப்புத்தகம் அதை முதலில் சொல்லிவிடுகிறது. ஆனால் ஒரு குடும்பத்தின் பண்புப் பட்டியல் நுழைவுச்சீட்டு மாதிரி கிடையாது. ஒரு பண்பு இல்லை என்பதற்காக யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. துத்தியில் மகரந்தக் குழாய் இருக்கிறது, ஓரறை மகரந்தப்பை இருக்கிறது, நட்சத்திரத் தூவி இருக்கிறது. சக்கரம் போன்ற அதன் காய் முற்றியதும் துண்டு துண்டாகப் பிரியும். பிளவுக் கனி என்பது அதுதான்.

என்னிடம் உள்ள பழைய புத்தகத்தில் கொக்கோ ஸ்டெர்குலியேசி. புதிய புத்தகத்தில் மால்வேசி. எது சரி? கொக்கோப் பூவில் செம்பருத்தி ஜாடையே இல்லையே!

இரண்டும் அந்தந்தக் காலத்துக்குச் சரி. ஆனால் இன்று கேட்டால் மால்வேசிதான்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1735இல் லின்னேயஸ் மகரந்தத்தாள்களை எண்ணி வகுப்புகள் அமைத்தபோது, தாள்கள் ஒரே கற்றையாக ஒட்டியவற்றுக்கு மோனடெல்பியா என்று தனி வகுப்பு கொடுத்தார். தேடுவதற்கு வசதியான முறை, உறவைச் சொல்லாது. குடும்பம் என்ற முறையில் மால்வேசியை வகுத்தவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜூசியூ, 1789இல். அப்புறம் பிரிட்டிஷ் தாவரவியலாளர்கள் பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட பெரும் தொகுப்பில் மால்வேசி, ஸ்டெர்குலியேசி, டிலியேசி என்று மூன்றாகப் பக்கம் பக்கமாக வைத்தார்கள். இலவத்தை மால்வேசிக்குள்ளேயே ஒரு பிரிவாக விட்டுவைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதையும் பிரித்து பாம்பகேசி என்றார்கள். ஆக, நான்கு குடும்பம்.

பிரித்த விதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: தாள்கள் ஒட்டி, ஓரறை மகரந்தப்பையும் முள்தூளும் இருந்தால் மால்வேசி. மரமாக இருந்து தூளில் முள் இல்லாவிட்டால் பாம்பகேசி. தாள்கள் ஒட்டி, மகரந்தப்பை ஈரறை என்றால் ஸ்டெர்குலியேசி. ஈரறையாக இருந்து தாள்கள் ஒட்டாமல் நின்றால் டிலியேசி. காகிதத்தில் கச்சிதமாக இருக்கிறது, இல்லையா? காட்டில் அப்படி இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பேரினங்கள் வந்துகொண்டே இருந்தன. எங்கே கோடு போடுவது என்று நூறு வருஷத்துக்கும் மேல் சண்டை.

1990களில் பசுங்கணிக மரபணுக்களை ஒப்பிட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஸ்டெர்குலியேசியும் டிலியேசியும் உண்மையான கிளைகளே இல்லை. அவற்றின் பேரினங்கள் உறவு மரமெங்கும் சிதறிக் கிடந்தன. கொக்கோவுக்கு நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? பழைய டிலியேசியில் இருந்த சணல் கூட்டம். பாம்பகேசியில் வைத்திருந்த டூரியனுக்கோ இலவத்தோடு நெருக்கமில்லை. 1998இல் ஏபிஜி (Angiosperm Phylogeny Group) என்ற தாவரவியலாளர் குழுவின் வகைப்பாடு நான்கையும் சேர்த்து ஒரே மால்வேசியாக்கியது. அடுத்த ஆண்டே உள்ளே ஒன்பது துணைக்குடும்பங்களாகப் பிரித்தார்கள். இப்போது அதில் ஏறத்தாழ 240 பேரினங்கள், 4,200க்கு மேற்பட்ட சிற்றினங்கள். பெரிதாக்குவதற்குப் பதில் பத்துச் சிறு குடும்பங்களாக உடைக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு. அதிலும் தப்பில்லை, கிளைகள் உண்மையாக இருந்தால் போதும். எனக்குப் பெரிய மால்வேசிதான் பிடித்திருக்கிறது, பத்துப் பெயரை யார் மனப்பாடம் செய்வது?

ஜாடை விஷயத்துக்கு வருகிறேன். கொக்கோப் பூ ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய அகலம்தான், அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு பூக்கும். நடுவில் ஐந்து செந்நிற ஊசிகள் நிமிர்ந்து நிற்கும். அவை மலட்டுத் தாள்கள், மகரந்தம் தராது. மகரந்தம் தரும் ஐந்தும் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அல்லி இதழின் அடி முக்காடு மாதிரி குவிந்திருக்கும், மகரந்தப்பைகள் அதற்குள் ஒளிந்திருக்கும். சில மில்லிமீட்டரே உள்ள சிறு ஈக்கள்தான் அதற்குள் நுழைந்து வரும். இதழ்களைப் பிய்த்துவிட்டு அடியை மட்டும் லென்ஸில் பாருங்கள்: பத்துத் தாளும் ஒரு குட்டையான வளையத்தில் ஒட்டியிருக்கும். செம்பருத்தியின் நீண்ட குழாயை நினைத்துக்கொண்டு பார்த்தால் ஜாடை தெரிய ஆரம்பிக்கும்.

தேர்வு எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கேள்வி பெந்தம்-ஹூக்கர் முறையைக் கேட்கிறதா, ஏபிஜியையா என்று பார்த்து எழுதுங்கள். வகைப்பாட்டின் பெயரைச் சொல்லாமல் குடும்பப் பெயரை மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

அப்படியானால் ருத்திராட்ச மரமும் மால்வேசியா? அதுவும் டிலியேசியில் இருந்ததாகப் படித்தேன்.

இருந்தது, பெந்தம்-ஹூக்கர் முறையில். ஆனால் அது வேறு பக்கம் போய்விட்டது. இப்போது எலியோகார்ப்பேசி, ஆக்சாலிடேல்ஸ் வரிசை. அதாவது காலடியில் படரும் புளியாரையின் வரிசை.

பூவரசும் அரசும் சொந்தமா? இலை அச்சாக ஒன்று போலிருக்கிறது.

பெயரும் இலையும் மட்டும்தான் ஒன்று. அரசு, ஆலமும் அத்தியும் உள்ள மோரேசிக் குடும்பம். இலைக்காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும், பூவரசில் வராது. பூவரசின் மஞ்சள் பூவைப் பிரித்தால் செம்பருத்தியில் பார்த்த அதே குழாய். சாயங்காலத்துக்குள் பூ சிவந்துவிடும், பார்த்திருப்பீர்கள். இன்னொன்று, பூவரசுக்குச் செம்பருத்தியைவிடப் பருத்திதான் நெருங்கிய உறவு. இரண்டிலும் காசிபால் என்ற வேதிப்பொருள் கொண்ட சுரப்பிகள் கருநிறப் புள்ளிகளாக உண்டு.

பருத்திப் பஞ்சும் இலவம் பஞ்சும் ஒரே குடும்பம் என்றால், இலவம் பஞ்சில் ஏன் நூல் நூற்க முடிவதில்லை?

நல்ல கேள்வி. இரண்டும் பஞ்சு என்று நாம்தான் சொல்கிறோம், செடிக்கு இரண்டும் வேறு வேறு உறுப்பு.

பருத்தியில் இழை வளர்வது விதையின் மேல்தோலிலிருந்து. ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல். அந்தச் செல் மூன்று சென்டிமீட்டர் வரைகூட நீளும், உள்ளே செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படியும். காய் வெடித்து இழை உலரும்போது குழல் அமுங்கித் தட்டையாகி, நாடாவை முறுக்கியது போலத் தானாகச் சுருண்டுகொள்ளும். இந்த முறுக்குகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் நூல் நிற்கிறது.

இலவத்தில் இழை முளைப்பது காயின் உட்சுவரிலிருந்து. விதை வழுவழுவென்று பஞ்சுக்குள் சும்மா கிடக்கும், தட்டினால் உதிரும். பருத்தி விதையிலிருந்து பஞ்சைப் பிய்க்க வேண்டியிருப்பது ஏன் என்று இப்போது புரியும். இலவத்தின் இழை மெல்லிய சுவர், உள்ளே முழுக்கக் காற்று, மேலே மெழுகு. முறுக்கு கிடையாது, எளிதில் ஒடியும், ஒன்றில் ஒன்று பிடிக்காமல் வழுக்கும். அதே மெழுகும் காற்றும் தண்ணீரில் மிதக்க உதவுவதால், ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள்.

சணலும் சணப்பும் ஒன்றுதானே?

இல்லை. சணல் கார்க்கோரஸ், மால்வேசி. சணப்பு குரோட்டலேரியா, அவரைக் குடும்பம். பூவைப் பார்த்தால் குழப்பமே வராது. சணப்பில் பட்டாம்பூச்சி வடிவப் பூ. இரண்டிலும் நார் பட்டையிலிருந்து வருவதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுக்குச் செம்பருத்தியை வைத்து மலர் வாய்ப்பாடு எழுதினேன், எதுவுமே பொருந்தவில்லை.

பொருந்தாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் "இதழ்கள்" எல்லாம் இதழாக மாறிய மகரந்தத்தாள்கள். ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். பாதி மாறியதும் சில கிடைக்கும், இதழின் ஓரத்தில் ஒரு மகரந்தப்பை மட்டும் மறந்து விட்டுப்போனது போல ஒட்டிக்கொண்டிருக்கும். வாய்ப்பாட்டை ஒற்றைப் பூவை வைத்தே எழுதுங்கள்.

எங்கள் செம்பருத்தி பல வருடமாகப் பூக்கிறது, ஒரு காய்கூட விட்டதில்லை. நோயா?

நோயில்லை. தோட்டச் செம்பருத்தி பெரும்பாலும் காய்ப்பதில்லை. கலப்பினமாகவே வளர்க்கப்பட்டு, போத்து நட்டே பெருக்கப்பட்டு வந்த செடி அது. மால்வேசியின் காயைப் பார்க்க வேண்டுமானால் வெண்டையை முற்றவிடுங்கள். ஐந்து வாயாக வெடிக்கும்.

பவோபாப் என்கிற பெருத்த மரமும் இதே குடும்பமா? நம்பவே முடியவில்லை.

அதுவும்தான், இலவத்தின் துணைக்குடும்பம். பேரினப் பெயர் அடன்சோனியா, மொத்தம் எட்டுச் சிற்றினங்கள். ஆறு மடகாஸ்கரில், ஒன்று ஆப்பிரிக்கப் பெருநிலத்தில், ஒன்று ஆஸ்திரேலியாவின் வடமேற்கில். ஆப்பிரிக்க மரத்தின் பூ அந்தி நேரத்தில் விரியும். வெள்ளை இதழ்கள் பின்னால் மடிந்துகொள்ள, தலைகீழாகத் தொங்கும் நூற்றுக்கணக்கான தாள்கள் பஞ்சுருண்டை போல நிற்கும். வௌவால் வந்து போகும், மறுநாள் பூ கீழே கிடக்கும். உதிர்ந்த பூ ஒன்று கிடைத்தால் அந்த உருண்டைக்கு மேலே விரலை வைத்துப் பாருங்கள். தாள்கள் பிரிவதற்கு முன்னால் எல்லாமே ஒரு குழாயாகத்தான் இருக்கும்.